ஈரமும் இரும்பும்

நுழையும்முன்

காவிரிப் படுகையின் சிற்றூர்களில் பழைய ஜீப்பும் சுமோவும் பொலேரோவும் பல குடும்பங்களின் உழைப்பில் பங்கேற்கின்றன. விதைநெல், உரமூட்டை, திருமணக் கூட்டம், நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி என அனைத்தையும் சுமக்கும் அவ்வூர்திகளை விரைந்து மூப்படையச் செய்வன இரண்டு. ஒன்று கசிவு, மற்றொன்று துரு. அவை தோன்றும் காரணத்தையும் அவற்றைக் கண்டறிந்து நீக்கும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

நண்டு வளை கற்பிக்கும் பாடம்

சம்பா நடவு முடிந்த வயலில் ஓரிரவுக்குள் நீர்மட்டம் இறங்கிவிட்டால் உழவர் வரப்பைச் சுற்றி நடப்பார். அடுத்த வயலின் பக்கம் நீர் கொப்பளித்து வெளியேறும் இடம் எளிதில் கண்ணில் படும். ஆயினும் அவர் அவ்விடத்தில் மண்ணை அப்புவதில்லை. தம் வயலின் பக்கம் திரும்பி, நீர் உட்புகும் நண்டு வளையைத் தேடுவார். அதன் வாயில் சேற்றை இட்டுக் காலால் மிதித்து அடைப்பார். வெளிப்புறத்தில் அடைத்தால் நீரின் அழுத்தம் மண்ணைத் தள்ளிவிடும். உட்புறத்தில் அடைத்தால் அதே அழுத்தம் மண்ணை மேலும் இறுக்கிவிடும். கசிவு கண்ணுக்குத் தெரியும் இடம் வேறு. அது தொடங்கும் இடம் வேறு. வரப்பிற்குப் பொருந்தும் இவ்வுண்மை ஊர்திக்கும் பொருந்தும்.

படுகைக்கு வந்த ஊர்திகள்

மகிந்திரா நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் மும்பையில் ஜீப்புகளை இணைத்து விற்கத் தொடங்கியது. டாட்டா நிறுவனத்தின் சுமோ 1994ஆம் ஆண்டிலும், மகிந்திராவின் பொலேரோ 2000ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. சேற்றுப் பாதையில் செல்லும் உயரம், பலரை ஏற்றும் இடவசதி, உள்ளூர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கத்தக்க எளிய அமைப்பு ஆகியவற்றால் இவை ஊர்ப்புறங்களில் நிலைபெற்றன. சுமோவின் உற்பத்தி 2019ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் அவ்வூர்திகள் கைமாறிக் கைமாறி இன்றும் ஓடுகின்றன.

சொந்தப் பயன்பாட்டு ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வுக்கு உட்படுத்தி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதிய ஊர்தி வாங்க இயலாத குடும்பம் சேமிப்பைத் திரட்டிப் பழைய ஊர்தி ஒன்றை வாங்கும்போது அதன் பளபளப்பையே முதலில் காண்கிறது. பளபளப்பிற்குக் கீழே இருப்பதை அறியாவிட்டால் சேமிப்பு கரையும். சில வேளைகளில் உயிருக்கும் ஊறு நேரும்.

துரு என்பது யாது?

இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் கூடும் இடத்தில் துரு பிறக்கிறது. இஃது ஒரு மின்வேதி வினை. இரும்புப் பரப்பின் ஓரிடம் மின்னணுக்களை இழந்து கரைகிறது. மற்றோர் இடத்தில் உயிர்வளி அம்மின்னணுக்களை ஏற்கிறது. இரண்டிற்கும் இடையே பாலமாக நிற்பது நீர். தூய நீர் குறுகிய பாலம் எனில், உப்புக் கலந்த நீர் அகன்ற பாலம். மின்னோட்டத்தை அது எளிதாகக் கடத்துவதால் அரிமானம் விரைவுபெறுகிறது.

துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். வண்ணப்பூச்சின் அடியில் அது விரியும்போது பூச்சு கொப்புளம்போல் எழும்புகிறது. கொப்புளம் தெரியும்போது உள்ளே அரிமானம் நெடுந்தொலைவு சென்றிருக்கும்.

காவிரிப் படுகையில் துருவுக்கு வேண்டியவை அனைத்தும் உள்ளன. வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டபின் ஆறுகளும் வாய்க்கால்களும் நிறைகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிகிறது. வயற்பாதையின் களிமண் ஊர்தியின் அடிப்பகுதியில் அப்பிக்கொண்டு பல நாள்கள் ஈரத்தைத் தேக்குகிறது. அவ்வாறு சேறு மூடிய இடத்திற்கு உயிர்வளி குறைவாகவும் சுற்றியுள்ள இடத்திற்கு மிகுதியாகவும் கிடைக்கிறது. இவ்வேறுபாட்டினால் சேற்றின் அடியிலுள்ள இரும்பே அரிக்கப்படுகிறது.

கிழக்கே நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளில் கடற்காற்று உப்புத்துகளைச் சுமந்து வருகிறது. 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து சென்று உப்பெடுத்த மண் வேதாரண்யம். அங்கே இன்றும் உப்பளங்கள் வெண்மை பரப்பி நிற்கின்றன. உப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆதலால் மழை பெய்யாத இரவிலும் கடலோர ஊர்தியின் இரும்பு நனைந்தே கிடக்கிறது. மீன்கூடையிலிருந்து வடியும் பனிக்கட்டி நீரிலும் உப்பு உண்டு.

உப்பைத் தேடிக் கடற்கரைக்குச் செல்ல வேண்டியதில்லை. வயலுக்கு இடும் பொட்டாஷ் உரமும் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பே. மூட்டையிலிருந்து சிந்தி, இருக்கையின் அடியிலும் விரிப்பின் கீழும் தங்கும் உரத்துகள், ஈரம் பட்டவுடன் தரைத்தகட்டை அரிக்கத் தொடங்குகிறது.

தஞ்சையில் நிற்கும் இரு சான்றுகள்

எல்லா உலோகமும் ஈரத்தின்முன் ஒன்றுபோல் அழிவதில்லை. திருவெண்காட்டு மண்ணுக்குள்ளிருந்து கண்டெடுக்கப்பட்ட சோழர்கால ரிஷபவாகனர் படிமம் இன்று தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்க்கப்பட்ட அவ்வெண்கலம், நெடுங்காலம் மண்ணில் புதைந்திருந்தும் வடிவம் குலையவில்லை. வெண்கலத்தின் மேல் தோன்றும் பசும்படலம் அடர்ந்து படிந்து, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தைத் தடுக்காமல் உறிஞ்சி உள்ளே அனுப்புகிறது.

இரும்பிலும் விதிவிலக்கு உண்டு. தஞ்சைக் கோட்டையின் கிழக்குப் பகுதியில் பீரங்கி மேடு என்னும் உயர்ந்த மேடை உள்ளது. அதன்மேல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, 20 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள இரும்புப் பீரங்கி நிற்கிறது. நாயக்க மன்னர் இரகுநாதர் காலத்ததாகக் கருதப்படும் அதனை வார்ப்படத்தில் வார்க்கவில்லை. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் பழுக்கக் காய்ச்சி, அடித்து இணைத்து உருவாக்கினர். பல நூற்றாண்டு மழையையும் வெயிலையும் திறந்தவெளியில் தாங்கிய பின்னும் அது நிலைத்திருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் தஞ்சைப் பீரங்கியையும் தில்லி இரும்புத் தூணையும் ஆராய்ந்தவர். 1600 ஆண்டுப் பழமையுடைய தில்லித் தூணின் இரும்பில் பாஸ்பரசு மிகுந்துள்ளது. அதனால் தூணின் பரப்பில் இரும்புப் பாஸ்பேட்டுப் படலம் உருவாகி அரிமானத்தைத் தடுக்கிறது என்பது அவர்தம் விளக்கம். இன்று பட்டறைகளில் துருவின்மேல் பூசும் துருமாற்றிகள் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. தில்லித் தூணில் இயற்கை மெல்ல நிகழ்த்தியதைப் பட்டறை சில மணி நேரத்தில் நிகழ்த்த முயல்கிறது எனலாம்.

கசிவைக் கண்டறிதல்

பழைய ஊர்தி என்றால் கசியத்தான் செய்யும் என்று பலர் எண்ணுகின்றனர். குறையும் எண்ணெயை மாதந்தோறும் ஊற்றி நிறைத்துக்கொண்டு நிறைவடைகின்றனர். ஆயினும் எந்தக் கசிவும் காரணமின்றித் தோன்றுவதில்லை. எந்தத் திரவம், எந்த உயரத்திலிருந்து, எந்நேரத்தில் கசிகிறது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் காரணம் வெளிப்படும்.

இரவில் ஊர்தியின் அடியில் வெளிர்நிற அட்டையைப் பரப்பி வைக்கலாம். காலையில் அட்டையின்மேல் காணப்படும் கறை பல செய்திகளைக் கூறும்.

– பழுப்பு அல்லது கருமை நிறம், முன்பகுதி: எஞ்சின் எண்ணெய்.
– அடர்ந்த பிசுபிசுப்பு, கந்தக நெடி, நடுப்பகுதி அல்லது பின்னச்சு: கியர் எண்ணெய்.
– பச்சை அல்லது இளஞ்சிவப்பு, இனிய மணம், ரேடியேட்டரின் கீழ்: குளிர்விப்பு நீர்மமாகிய கூலண்ட்.
– வெளிர்மஞ்சள், வழுவழுப்பு, சக்கரத்தின் உட்புறம்: பிரேக் எண்ணெய்.
– நிறமோ மணமோ இல்லாத தூய நீர், குளிரூட்டி இயங்கியபின்: கசிவு அன்று, காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்த நீர்.

கறை விழுந்த இடத்திற்கு நேர்மேலேதான் பழுது உள்ளது எனக் கொள்ளலாகாது. ஊர்தி ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும்; எடை கீழ்நோக்கி இழுக்கும். ஆகவே எஞ்சினைக் கழுவி, உலர்த்தி, முகப்பூச்சு மாவு போன்ற வெண்பொடியை மெல்லத் தூவிச் சிறிது தொலைவு ஓட்டிப் பார்ப்பர். நனைந்த இடங்களுள் மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருப்பதே கசிவின் ஊற்றுக்கண். நண்டு வளையைத் தேடும் உழவரின் முறையே இங்கும் பயன்படுகிறது.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால்போன்ற வெண்படலம் தென்பட்டு, கூலண்டும் குறைந்துவந்தால், அது வெளியே சிந்தாமல் எஞ்சினுக்குள் கலக்கிறது என ஐயுற வேண்டும். வெளியே ஒரு துளியும் காட்டாத இக்கசிவே எஞ்சினை முற்றாக அழிக்கவல்லது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பார்ப்பது கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கூலண்ட் கொதித்துச் சீறி வெளிவந்து முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும்.

சீல் ஏன் தோற்கிறது?

சுழலும் தண்டைத் தழுவி எண்ணெயை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையத்தை ஆயில் சீல் என்பர். இரு உலோகப் பகுதிகளுக்கு இடையே வைக்கும் மெல்லிய அடைப்புத் தகடு கேஸ்கட் எனப்படும். ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் ரப்பர் இறுகி, நெகிழ்வை இழக்கும்போது கசிவு தொடங்குகிறது. புதிய சீலைப் பொருத்தியும் கசிவு நிற்காவிடில் தண்டின் பரப்பை விரல்நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய சீல் உராய்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை சீல்கள் மாற்றினாலும் பயனில்லை; தண்டையே சீர்செய்ய வேண்டும்.

படுகையில் அடிக்கடி கவனிக்கப்படாத காரணம் ஒன்று உண்டு. பின்னச்சின்மேல் பிரீதர் எனப்படும் சிறு காற்றுப்போக்கி இருக்கிறது. ஓட்டத்தில் அச்சு சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து அதன்வழியே வெளியேறும். வயற்சேறு அதனை அடைத்துவிட்டால் விரிந்த காற்று வழிதேடிச் சீலைத் தள்ளுகிறது; எண்ணெய் கசிகிறது. சூடேறிய அச்சு வாய்க்கால் நீரில் இறங்கும்போது எதிர்மாறான நிகழ்ச்சி நடக்கிறது. உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது சீலின் விளிம்புவழியே நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. கியர் எண்ணெய் மோர்போல் வெளிறுகிறது, பற்சக்கரங்கள் தேய்கின்றன. கசிவு என்று வந்த ஊர்தியில் சீலை மட்டும் மாற்றிக் காற்றுப்போக்கியைத் தூய்மை செய்யாது விட்டால் சில மாதங்களில் அதே பழுது திரும்பி வரும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய கதிர்களின்மேல் ஊர்திகள் செல்வது வழக்கம். அப்போது சுழலும் தண்டில் வைக்கோல் சுற்றிக்கொள்ளும். அது சீலின் விளிம்பை அறுக்கும். சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பற்றும். எனவே தை மாதத்தில் ஊர்தியின் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்கும் பழக்கம் இன்றியமையாதது.

துருவை நீக்கும் முறை

துருவைப் பரப்புத்துரு, செதில்துரு, துளைத்துரு என மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் அந்நிலைகள் ஒலியிலேயே புலப்படும். நலமான தகடு கணீரென ஒலிக்கும். அரிக்கப்பட்ட தகடு மந்தமாக ஒலிக்கும். துளைபட்ட தகடு உதிரும்.

பரப்புத்துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து நீக்கி, உப்பும் தூசும் அகலக் கழுவி உலர்த்தி, உடனே பிரைமரும் வண்ணமும் பூசினால் போதும். செதில்துருவில் செதில்களைச் சுரண்டியெடுத்தபின் பள்ளங்களில் தங்கிய எச்சத்திற்குத் துருமாற்றி பூச வேண்டும். துளைத்துருவுக்குப் பூச்சு மருந்தன்று. அரிக்கப்பட்ட பகுதியை நலமான தகடு தென்படும்வரை வெட்டியெடுத்து, புதிய தகட்டைப் பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பின் வெப்பம் தகட்டின் மறுபக்கப் பூச்சையும் எரித்துவிடும் என்பதால், மறுபக்கத்தையும் பூசிக் காக்க வேண்டும். இதனை மறந்தால் புதிய தகடு உட்புறத்திலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும்.

துளையைப் பட்டி பூசி நிரப்பி, வண்ணம் தீட்டி விற்பதும் உண்டு. பட்டிக்கும் இரும்புக்கும் இடையே ஈரம் புகுந்து தங்க, அரிமானம் மறைவில் தொடர்கிறது. பழைய ஊர்தி வாங்குவோர் மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்க்கலாம். காந்தம் பற்றாத இடத்தில் இரும்புக்கு மேல் பட்டி தடித்திருக்கிறது என்று பொருள்.

துரு பெரும்பாலும் நீர் தங்கும் இடத்தில் பிறக்கிறது. கதவுக் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீர் வெளியேறவே கதவின் அடியில் சிறு வடிதுளைகள் உள்ளன. அடிச்சட்டமாகிய சேஸிலும் அத்தகைய துளைகள் உண்டு. சேறும் பதரும் அவற்றை அடைத்தால் கதவும் சட்டமும் நீர்த்தொட்டிகளாக மாறுகின்றன. ஒரு சிறு கம்பியால் அத்துளைகளைத் திறந்து வைப்பது செலவற்ற பணி. பெருஞ்செலவைத் தடுக்கும் பணி.

துருவும் கசிவும் கூடுமிடம்

கசிவையும் துருவையும் தனித்தனியே கண்டோம். இரண்டும் கூடும் இடமே மிக அஞ்சத்தக்கது. பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய எஃகுக்குழாய் சேஸை ஒட்டிச் செல்கிறது. குழாயைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் பின்னே சேறு தங்கும். அங்கே குழாயின் சுவர் மெல்ல மெல்ல அரிக்கப்படுகிறது. வழக்கமான ஓட்டத்தில் அது தாங்கும். குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு ஓட்டுநர் முழு வலிமையுடன் மிதிக்கும்போது குழாயினுள் அழுத்தம் உச்சமடைகிறது. மெலிந்த குழாய் வெடிப்பதும் அக்கணத்தில்தான். ஊர்தியை நிறுத்த வேண்டிய நொடியிலேயே நிறுத்தும் ஆற்றல் குன்றுகிறது. ஒருபுறம் ஆறும் மறுபுறம் வயலும் அமைந்த படுகையின் குறுகிய கரைச்சாலையில் இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே பிரேக் குழாயில் செதில்துரு கண்டால் தேய்த்துப் பூசுவது போதாது. குழாயை மாற்றுவதே முறை. பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகைப் புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும்; ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அதற்கு வகுத்துள்ள குறைந்த அளவு 155 பாகையே. ஈரம் கலந்த எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தளர்ந்து ஆழ இறங்கும். அதே ஈரம் குழாயை உட்புறத்திலும் அரிக்கும். எனவே எண்ணெய் குறையாவிடினும் காலமுறைப்படி அதனை மாற்ற வேண்டும்.

கசிந்தது எங்கே செல்கிறது?

கழிவு எண்ணெயை ஊர்தியின் அடியில் தெளித்தால் துருப்பிடிக்காது என்னும் நம்பிக்கை பல இடங்களில் நிலவுகிறது. அவ்வெண்ணெய் ரப்பர்ப் பகுதிகளை ஊறவைத்துக் கெடுக்கிறது. தூசியையும் சேற்றையும் ஒட்டவைக்கிறது. பின்னர் மழையில் அடித்துச் செல்லப்பட்டு வாய்க்காலில் இறங்குகிறது. நீரின்மேல் படரும் எண்ணெய்ப்படலம் காற்று நீரில் கலப்பதைத் தடுக்கிறது. அந்த நீரே அடுத்த மடைக்கும் அதற்கடுத்த வயலுக்கும் செல்கிறது. இனிப்புச் சுவையுடைய கூலண்ட் நஞ்சாகும். நக்கும் நாயும் பூனையும் இறக்கக்கூடும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு எண்ணெய் தீங்கு விளைவிக்கும் கழிவாகும். அதனைக் கலனில் சேர்த்து, ஏற்பு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

பருவந்தோறும் பராமரிப்பு

உழவுக்குப் பருவம் இருப்பதுபோல் ஊர்திப் பராமரிப்புக்கும் பருவம் உண்டு. ஆவணி, புரட்டாசியில் வடிதுளைகளைத் திறந்து, பரப்புத்துருவை நீக்கிப் பூச வேண்டும். மழைக்காலத்தில் சேற்றுப்பயணம் முடிந்த அன்றே அடிப்பகுதியை நன்னீரால் கழுவ வேண்டும். கடற்கரைக்குச் சென்று திரும்பினாலும் அவ்வாறே செய்தல் நலம். ஆழ்நீரில் இறங்கியிருப்பின் அச்சின் எண்ணெயைச் சோதிக்க வேண்டும். அறுவடைக்குப்பின் வைக்கோலையும் உரத்துகளையும் அகற்ற வேண்டும்.

குறையும் எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பதும், துருவின்மேல் வண்ணம் பூசுவதும், வரப்பின் வெளிப்புறத்தில் மண்ணை அப்புவதும் ஒரே வகைச் செயல்களே. மறுநாள் காலையில் வயல் வற்றியிருக்கும். நீர் புகும் வாயைத் தேடிக் கண்டு அடைக்கும் உழவரின் பொறுமை, பட்டறைக்குள்ளும் நுழைய வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, தொழிலாளர் வழங்கும் கருவிப்பெயர்களையும் உதிரிப்பாகப் பெயர்களையும் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.
2. ஆணிகள் சிலவற்றைத் தூயநீர், உப்புநீர், எண்ணெய் ஆகியவற்றில் தனித்தனியே இட்டு, ஒரு வாரம் உற்றுநோக்கிக் குறிப்பெழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. வரப்பின் கசிவை உழவர் உட்புறத்தில் அடைப்பதன் காரணம் யாது?
2. வெண்கலத்தின் பசும்படலத்திற்கும் இரும்பின் துருவுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. பின்னச்சின் காற்றுப்போக்கி அடைபடுவதால் ஏற்படும் விளைவுகளை விளக்குக.
2. துளைத்துருவைப் பட்டி பூசி மறைத்தல் ஏன் தீர்வாகாது?

நெடுவினா
காவிரிப் படுகையின் இயற்கைச் சூழலும் உழவுத்தொழிலும் ஊர்திகளின் கசிவுக்கும் துருவுக்கும் காரணமாகும் முறையையும், அவற்றைத் தடுக்கும் வழிகளையும் கட்டுரைவழி நிறுவுக.